கரடிக்குச் செய்த கத்தி கிடாய்க்கு ஒத்துவருமா?

கனடாவில் வேட்டைக்காரர் மிருகம் உரிக்க வாங்குகிற கத்திப் பெட்டி ஒன்று எனக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் இரண்டு வகை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு என்ன அனுப்பலாம் என்று யோசிக்கிற சொந்தக்காரர் ஒரு வகை. பங்குக் கிடாய் உரிக்கப் பழகுகிற பெடியள் மற்ற வகை. இரு பகுதிக்கும் என் பதில் ஒன்றுதான்: முழுப் பெட்டியும் தேவையில்லை. உள்ளே இருக்கிற ஏழு சாமானில் சின்னக் கத்தியும் எலும்பு வாளும் காசுக்குப் பெறுமதி. கொக்கிக் கத்தி பழகுகிற ஆளுக்கு உதவும், பழகின ஆளுக்கு வேண்டாம். மிச்சத்தைக் கனடாவிலேயே வைத்திருக்கலாம்.

நான் இலங்கையில், வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம். வயலோடு ஆடும் வளர்க்கிறேன். தீபாவளி, வருசப்பிறப்பு என்று வந்தால் அயலில் பங்கு போடுகிற கிடாயை உரித்துக் கூறு வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான், மனைவியின் தம்பி, கப்பல் பார்சலில் சொக்லேட்டுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் இந்தப் பெட்டியை வைத்து அனுப்பியிருந்தான். அவன் அங்கே சட்டப்படி அனுமதி எடுத்து இலையுதிர் காலத்தில் கறுப்புக் கரடி வேட்டைக்குப் போகிறவன். தனக்கு வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கியிருக்கிறான்.

கெட்டிப் பிளாஸ்ரிக் பெட்டி, மூடியில் கரடிப் படம். திறந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் அளவாகக் குழி. கொக்கி வைத்த உரிக்கிற கத்தி ஒன்று, அலகு ஆட்காட்டி விரலை விடக் கொஞ்சம் நீளம். நுனி கூரான சின்னக் கத்தி ஒன்று. எலும்பிலிருந்து சதை வழிக்கிற, வளைந்து கொடுக்கிற ஒடுக்கமான நீளக் கத்தி ஒன்று. எலும்பு அரிகிற கைவாள். நெஞ்சுக்கூட்டை விரித்து வைக்க இரண்டு நுனியிலும் பல் வைத்த தடி. இழுத்துத் தீட்டுகிற சின்னத் தீட்டி. முழங்கைக்கு மேல் வருகிற கையுறை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு விளக்கத் தாள், அதில் இருக்கிற படம் எல்லாம் மான். விலை நூறு கனேடிய டொலருக்குக் கொஞ்சம் குறைவு என்று மச்சான் சொன்னான். இதே மாதிரிப் பெட்டியைப் பல கொம்பனிகள் விற்கின்றன. உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பேரைப் பார்த்து வாங்க ஒன்றுமில்லை.

ஒரு விசயத்தை இப்பவே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரக்கூடாது. நம்முடைய காட்டில் இருக்கிற கரடியைத் தொட ஏலாது. 1937 இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட மிருகம், கொன்றால் வழக்கு. சட்டம் இருக்கட்டும், வன்னியில் காட்டுக்குப் போய் வருகிற ஆட்கள் யானையை விடக் கரடிக்குத்தான் பயப்படுவார்கள். பாலை பழுக்கிற காலத்தில் அது மரத்தில் ஏறிப் பழம் தின்னும். தேன் எடுக்கப் போகிறவனும் பாலைப்பழம் பொறுக்கப் போகிறவனும் அதே மரத்தடிக்குத்தான் போக வேண்டும். திடுக்கிட்ட கரடி எழும்பி நின்று முகத்தையும் தலையையும் பார்த்துத்தான் கை வைக்கும். அப்படித் தப்பி வந்தவரின் முகத்தை ஒருக்கால் பார்த்தவன் கரடி இறைச்சியைப் பற்றிக் கதைக்க மாட்டான். ஆகவே இந்தப் பெட்டியைக் கிடாயில்தான் பார்த்தேன்.

ஆனால் இது ஏன் இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று விளங்க வேண்டுமென்றால் கரடியை எப்படி உரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். மச்சானை வட்ஸ்அப்பில் பிடித்து இரண்டு இரவு கேட்டு அறிந்துகொண்டேன். அவன் பேசத் தொடங்கினால் நிப்பாட்ட ஏலாது.

"அத்தான், கரடி விழுந்தாப் பிறகு மினக்கெடேலாது. அந்த மயிரும் கொழுப்பும் சேர்ந்து சூட்டை உள்ளுக்கயே அமத்தி வைச்சிருக்கும். வெளியில குளிராத்தானே கிடக்கு எண்டு விட்டுட்டா, விடியத் தொடையெலும்பைச் சுத்தி மணக்கத் தொடங்கிடும்."

சுட்ட இடத்திலேயே வேலை தொடங்கிவிடும். நூறு கிலோ, அதற்கு மேலும் வருகிற மிருகத்தைக் காட்டுக்குள் தூக்கித் தொங்கவிட வசதியிருக்காது. மல்லாக்கப் போட்டு, தலைப்பக்கம் மேட்டில் இருக்கிற மாதிரிச் சரித்து, நெஞ்செலும்பு முடிகிற இடத்திலிருந்து இடுப்பு வரை தோலையும் வயிற்றுச் சவ்வையும் மட்டும் கீறுவார்கள். கத்தியின் கூர் மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கீழே பார்த்தால் குடலில் படும், பட்டால் இறைச்சி பழுது. மலவாயைச் சுற்றி அறுத்து நூலால் கட்டி உள்ளே விடுவது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சவ்வைச் சுற்றி வெட்டுவது, கையைக் கழுத்துவரை விட்டு மூச்சுக்குழாயை அறுப்பது, பிறகு எல்லாத்தையும் ஒரே இழுவையில் வெளியே எடுத்துப் பக்கவாட்டில் புரட்டி இரத்தத்தை வடியவிடுவது. விரிக்கிற தடி அந்த நேரத்துக்குத்தான். கூடு மூடாமல் காற்றுப் பட வேண்டும். புரட்டாதி மாதத்தில் அங்கே பகல் சில நாள் நன்றாகச் சுடுமாம். அப்படியென்றால் ஐஸ் பைகளை உள்ளே அடைத்துக் கொண்டு வருவார்கள்.

அதற்குப் பிறகுதான் தோல். ஆட்டுக்கும் கரடிக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ஆட்டுத் தோலைக் காலிலும் வயிற்றிலும் கத்தியால் திறந்துவிட்டால், பிறகு முட்டிக்கையால் இடித்துத் தள்ளத் தள்ளக் கழன்று வரும். கத்தியால் வெட்ட வெட்டத் தோலும் ஓட்டை, இறைச்சியும் காயம். கரடியில் தோலுக்கும் சதைக்கும் நடுவில் தடிப்பாகக் கொழுப்பு ஒட்டிக் கிடக்கும். அது கைக்கு வராது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கத்தியால் வழித்துக்கொண்டே போக வேண்டும். இலையுதிர் காலத்துக் கரடி குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுத்திருக்கிற கரடி. கத்தி அடிக்கடி கொழுப்பில் வழுக்கும், கூர் மழுங்கும். இந்த உரிக்கிற கத்தியின் அலகு வயிறு வைத்து வளைந்திருப்பதும், பிடியில் றப்பர் புள்ளி போட்டிருப்பதும் அதுக்காகத்தான். கொழுப்பை இறைச்சியிலிருந்து நன்றாக வழித்து எடுத்துவிட வேண்டும், முதலில் காறிப்போவது அதுதான். சில ஆட்கள் உருக்கி நெய்யாக்கி வைத்துச் சமைப்பார்களாம். பெரிப்பழம் தின்ற கரடியின் நெய் நல்லது, மீன் தின்றதன் நெய்யில் மீன் மணக்கும் என்றான்.

தோலை எடுத்தபிறகு கரடியின் உடம்பு மனுச உடம்பு மாதிரியே கிடக்கும் என்று மச்சான் சொன்னான். முதல் கரடி உரித்த அன்று தனக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி எழும்பி உள்ளே போய்விட்டாள். நானும் கதையை மாற்றிவிட்டேன்.

சமைக்கிற விசயத்தில் மட்டும் அவன் சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொள்ளலாம். கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்கிற புழு இருக்கக்கூடும். உள்ளே 71 பாகை செல்சியஸ் வரை சூடு போனால்தான் செத்தது என்று நம்பலாம். வத்தல் போட்டாலும் புகையில் போட்டாலும் நம்ப ஏலாது. வடக்குப் பக்கத்துக் கரடியில் இருக்கிற ஒரு இனம் ஆழ்குளிரில் வைத்தாலும் தப்பிவிடும். அதே வகைப் புழுக்கள் பன்றிக்கும் வரும் என்பதால், காட்டுப்பன்றி இறைச்சியை அரை வேக்காட்டில் இறக்கிக் கடிக்கிற நம்முடைய ஆட்களும் இதைக் காதில் போட்டுக்கொண்டால் நல்லது.

சரி, கிடாய். பக்கத்துக் காணிப் பெடியன் ஒருவன் உரிக்கப் பழக வேண்டும் என்று கன நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கத்தியைப் பார்க்க நானே பிடித்தால் என் கைப்பழக்கம்தான் தெரியும். ஆகவே அவன் கையில் கொடுத்தேன். இருபத்தைந்து கிலோ அளவில் ஒரு நலமடித்த கிடாய், தோலும் குடலும் போகப் பதினொன்று, பன்னிரண்டு கிலோ நிற்கும். விடியப்புறம் இருட்டோடு வெட்டியாயிற்று. நம்முடைய வெக்கைக்கு எட்டு மணி தாண்டினால் இலையான் வந்துவிடும், அதற்கு முன் கூறு போட்டு முடிக்க வேண்டும். இரத்தம் உப்புப் போட்ட சட்டியில் வறைக்குப் போனது. பின்னங்கால் நரம்பைக் கீறித் தடி செருகி வேப்பங் கொப்பில் தூக்கிக் கட்டினோம்.

முதல் பார்த்தது கொக்கி. கத்தியின் முதுகுப் பக்கம் நுனிக்குக் கிட்ட ஒரு வளைந்த வெட்டு, அந்த வளைவின் உள்பக்கம் மட்டும் கூர். சின்னதாக ஒரு கீறல் போட்டு அதற்குள் கொக்கியைக் கொழுவி இழுத்தால் கூர் படுவது தோலில் மட்டும், வெளியே தெரிகிற நுனி மொட்டை. தோலைத் திறக்கத்தான் முதலில் கொழுவினான். ஒரு சாண் போகமுதலே நின்றுவிட்டது. கிடாய் மயிர் கொக்கி வாய்க்குள் திரண்டு அடைத்துக்கொண்டது. விரல் நுனியால் நோண்டி எடுத்து மறுபடி இழுத்தான், மறுபடி அடைத்தது. அதோடு அறுபட்ட மயிர் எல்லாம் இறைச்சியில் ஒட்டியது. கிடாய் மயிர் இறைச்சியில் பட்டால் மொச்சை மணம் போகாது, எத்தனை தேசிக்காய் பிழிந்தாலும். அந்த வேலைக்குக் கொக்கி வேண்டாம் என்று நிப்பாட்டச் சொன்னேன். தோலை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, கூர் வெளியே பார்க்கப் பிடித்துக் கீறினால் மயிர் அறுபடாமல் பிரியும். எந்தக் கத்தியாலும் செய்யலாம்.

தோல் முழுக்க இறங்கின பிறகு வயிறு திறக்கிற நேரம் வந்தது. பழகுகிறவன் பயப்படுகிற இடம் இதுதான். குடலில் கத்தி பட்டால் உள்ளே கிடக்கிற புல்லும் சாணமும் இறைச்சி முழுக்க வழியும், பங்குகாரர் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பழகினது இரண்டு விரலை உள்ளே விட்டுச் சவ்வைத் தூக்கிப் பிடித்து, அந்த விரல்களுக்கு நடுவால் கத்தியைக் கொண்டுபோகிற முறை. அதற்குக் கை நடுங்கக் கூடாது. இவன் கை நடுங்கியது. இடுப்புப் பக்கம் சின்னக் கீறல் ஒன்றை நான் போட்டுக் கொடுத்தேன், கொக்கியைக் கொழுவி மெல்ல இழுத்தான். சிப்பைத் திறந்த மாதிரி நெஞ்செலும்பு வரை ஒரே நேர்கோட்டில் திறந்து வந்தது. குடல் பளபளவென்று முழுசாக முன்னுக்குச் சரிந்தது, ஒரு கீறல் இல்லை. "அண்ணை, முடிஞ்சுதா?" என்று கேட்டான். முடிந்துவிட்டது. இந்த ஒரு இழுவைக்காக மட்டும் பழகுகிறவனுக்கு இந்தக் கத்தியைக் கொடுக்கலாம். நாலைந்து கிடாய் உரித்தவனுக்கு இரண்டு விரலே போதும். இன்னொரு குறை, கொக்கி மழுங்கினால் கல்லில் தீட்ட ஏலாது. மெல்லிய உருண்டை அரம் வேண்டும், அது எல்லா வீட்டிலும் இருக்காது.

சின்னக் கத்திதான் இந்தப் பெட்டியின் தங்கம். மலவாயைச் சுற்றி அறுக்க, மூத்திரப்பையைத் தனியே எடுக்க, குளம்புக்கு மேல் மூட்டைக் கழற்ற, தலையில் கன்னச் சதை வழிக்க எல்லாத்துக்கும் அது கைக்குள் அடங்கி நின்றது. அலகு குறுகல் என்பதால் நுனி எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமலே தெரியும். பித்தப்பை எடுக்கிற இடத்தில் அது நன்றாகத் தெரிந்தது. பித்தம் உடைந்தால் ஈரல் கசந்து போகும். பித்தப்பையைப் பிடித்து இழுக்காமல் அது ஒட்டியிருக்கிற ஈரலில் ஒரு சின்னத் துண்டோடு சேர்த்து அறுத்து எறிய வேண்டும். நம்முடைய இறைச்சிக் கத்தியின் நுனி அந்த இடத்துக்குப் பெரிது. இது சுற்றிப் போய் வந்தது. இதைச் சொன்னபோது மச்சான் சிரித்தான். ஒன்ராறியோவில் கரடியின் பித்தப்பையைத் தனியே எடுத்து வைத்திருப்பதே குற்றமாம். மருந்துக்கென்று களவாக விற்கிற வியாபாரம் இருப்பதால் அப்படிச் சட்டம். நாங்கள் நாயும் தின்னக்கூடாது என்று குழி தோண்டிப் புதைக்கிற சாமானுக்கு அங்கே அப்படி ஒரு மதிப்பு.

எலும்பு வாளைப் பற்றி எனக்கு முதலில் நம்பிக்கை இருக்கவில்லை. பிடி பிளாஸ்ரிக், பார்க்க விளையாட்டுச் சாமான். ஆனால் இடுப்பெலும்பின் நடுப் பொருத்தையும் நெஞ்செலும்பையும் ஒரு நிமிசத்துக்குள் அரிந்து பிளந்துவிட்டது. கோடாலியால் நெஞ்சைப் பிளந்தால் எலும்புச் சில்லு தெறிக்கும். பிறகு கறியில் யாரோ ஒரு பிள்ளையின் பல்லில் கடிபடும். வாளில் அது இல்லை, அரிந்த தூளை ஈரத் துணியால் துடைத்தால் சரி. தலையை இரண்டாகப் பிளந்து மூளை எடுக்கவும் நன்று, மூளை சிதறாமல் வந்தது. பல்லுக்குள் கொழுப்பு ஏறினால் வழுக்கத் தொடங்கும், கொதிதண்ணியில் ஒருக்கால் முக்கி எடுத்தால் பழையபடி பிடிக்கும். குறை என்னவென்றால், கத்திகள் துருப்பிடிக்காத உருக்கு, வாள் அலகு அப்படியில்லை. கழுவி ஈரத்தோடு வைத்தது அடுத்த நாள் பல்லெல்லாம் செம்மஞ்சளாகக் கிடந்தது. தேங்காயெண்ணெய் பூசி வைத்தபிறகு பிரச்சினை இல்லை.

நெஞ்சை விரிக்கிற தடி நம்முடைய வேலைக்குத் தேவையே இல்லை. கிடாய் தொங்கிக்கொண்டிருக்கிறது, நெஞ்சையும் பிளந்தாயிற்று, காற்றுத் தானாகப் போகும். அப்படியே விரிக்க வேண்டுமென்றால் பூவரசந் தடி ஒன்று போதாதா? பெட்டிக்குள் இடம் நிரப்ப வைத்த சாமான்.

கையுறை பெரிதாக இருந்தது, இரத்தம் பட்டதும் வழுக்கியது. கத்தி பிடிக்கிற கையில் போடவே கூடாது. ஆனால் குடல் கழுவுகிற ஆளுக்குக் கொடுத்தேன், அவருக்குப் பிடித்துக்கொண்டது. கையில் வெட்டுக்காயம் இருக்கிறவர்கள் போடுவது நல்லதுதான், புரூசெல்லா என்கிற கிருமியால் வருகிற காய்ச்சல் ஆட்டிலிருந்து ஆளுக்குத் தொற்றக் கூடியது.

நீளமான ஒடுங்கிய கத்தியில்தான் இந்தப் பெட்டி எந்தக் குசினிக்குச் செய்தது என்று விளங்குகிறது. அது நல்ல கத்தி, அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. தொடையில் விட்டால் எலும்பை ஒட்டிச் சதையை ஒரு சீவலாகக் கழற்றித் தரும். அங்கே கரடியையும் மானையும் அப்படித்தான் செய்கிறார்கள். எலும்பைக் காட்டிலேயே விட்டுவிட்டால் சுமை குறையும், வீட்டில் வேண்டியது சதைத் துண்டும் அரைத்த இறைச்சியும்தான். எங்களுக்கு எலும்பில்லாமல் என்ன கறி? தொடையெலும்பில் மூளை உறிஞ்சுவதற்கு வீட்டில் அடிபடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பங்கு என்றால் இன்னும் கட்டுப்பாடு. ஒவ்வொரு கூறிலும் தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒரு துண்டு, ஈரலில் கொஞ்சம், கொழுப்பில் கொஞ்சம், எலும்பு எல்லாருக்கும் ஒரே அளவு. நான் சதையை வழித்து ஒரு பக்கம், எலும்பை ஒரு பக்கம் வைத்தால் அயலில் அடுத்த தீபாவளிக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். கொத்த வேண்டும். புளியங்குற்றியில் வைத்து, எலும்போடு, ஒரு வெட்டில் ஒரு துண்டாக. அந்தக் கொத்துகிற கத்தி இந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. உரிக்கிற கத்தியால் பெடியன் ஒரு விலாவை வெட்டிப் பார்த்தான், அலகு எகிறியது. நல்லகாலம் விரலில் படவில்லை.

ஆகவே தோல் இறங்கிக் குடல் வெளியே வந்ததோடு பெட்டியை மூடி வைத்துவிட்டு, என்னுடைய கொல்லன் கத்தியை எடுத்தேன். லொறி ஸ்பிரிங் தகட்டை உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்தது, பிடி முதிரை. முள்ளியவளைப் பக்கம் ஒரு கொல்லுலையில் சொல்லிச் செய்வித்தது. அந்த ஐயா கத்தி கேட்டால் முதலில் விலை சொல்ல மாட்டார். "என்னத்தை வெட்டப் போறாய்?" என்று கேட்பார். இறைச்சி என்றால், "எலும்போடயோ, எலும்பில்லாமலோ?" அதற்குப் பிறகு கையைக் காட்டச் சொல்லிப் பிடியின் தடிப்புக்கு அளவு பார்ப்பார். பாரம் நுனிப்பக்கம் இருக்கிற மாதிரி அடித்துத் தருவார். தூக்கி விட்டால் போதும், கத்தியே இறங்கிக் கொத்தும், தோள் நோகாது. துருப்பிடிக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை. துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஆனால் கூர் போனால் திண்ணையில் கிடக்கிற கல்லிலேயே பழையபடி வந்துவிடும். என்னிடம் வாங்கினது 2500 ரூபாய். தகடு விலை ஏறியிருக்கிறது என்கிறார்கள், இப்போது கூடியிருக்கும்.

கூர் என்றதும் அந்தத் தீட்டியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியில் மோசமான சாமான் அதுதான். இரண்டு கெட்டி உலோகத் துண்டுகளை ஆங்கில வீ எழுத்து மாதிரிச் சரித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் கத்தியை வைத்து இழுத்தால் அலகிலிருந்து நூல் நூலாக இரும்பு சீவி விழும். உடனே நன்றாக வெட்டுகிற மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடி தேவையில்லை, நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாலே கூர் சொரசொரவென்று பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் மழுங்கிவிடும், மறுபடி இழுக்க வேண்டும், மறுபடி இரும்பு குறையும். இப்படியே போனால் நல்ல கத்தி இரண்டு வருசத்தில் ஊசியாகிவிடும். காட்டுக்குள் நடுராத்திரியில் கரடிக் கொழுப்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அவசரத்துக்கு அது தேவைப்படலாம். வீட்டு முற்றத்தில் உரிக்கிறவனுக்குத் தண்ணி ஊற்றித் தேய்க்கிற தீட்டுக்கல்லே போதும்.

எங்கள் அப்பு ஆட்களின் காலத்தில், இடியன் துவக்கோடு காட்டுக்குப் போனவர்கள், மடியில் ஒரு வில்லுக்கத்தி மட்டும் வைத்திருந்தார்கள். மரையை அதாலேயே உரித்தார்கள் என்று சொல்லுவார்கள். அந்தக் கை எங்களுக்கு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழகுகிறவனுக்கு ஒரு கொக்கி உதவினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டு ஆட்களுக்கு: பெட்டியாக அனுப்பாமல் சின்னக் கத்தியையும் வாளையும் தனித்தனியே வாங்க ஏலுமென்றால் அப்படிச் செய்யுங்கள். மூன்றில் ஒரு பங்குக் காசோடு முடியும். பெட்டியாகத்தான் கிடைக்கும் என்றால், அந்த நீளக் கத்தியை மனைவிமார் விட மாட்டார்கள். எங்கள் வீட்டில் அது இப்போது பாரை மீன் வழிக்கிற கத்தி, எனக்குத் தொடக் கிடைப்பதில்லை. தபாலில் வேண்டாம், கப்பல் பார்சலில் போடுங்கள், சாமான் பட்டியலில் சமையல் கத்தி என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

ஊர்ப் பெடியளுக்கு: முதல் கத்தி கொல்லுலையில் எடுங்கள், தீட்டுக்கல் ஒன்று எடுங்கள். சின்னக் கத்திக்குக் கடையில் விற்கிற நல்ல மரக்கறிக் கத்தி ஒன்றின் நுனியைக் கல்லில் ஒடுக்கினாலும் பாதி வேலை செய்யும். வயிறு திறக்கப் பயமென்றால் முதல் கிடாய்க்கு என்னிடம் வந்து கொக்கியை வாங்கிக்கொண்டு போகலாம், கழுவித் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். கொல்லுலை ஐயாவிடம் போகிறவர்கள் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கடைசிக் கிழமையில் போனால் மண்வெட்டியும் கோடாலியும்தான் மாட்டியிருக்கும், இறைச்சிக் கத்தி எல்லாம் போய்விடும்.